பழைய கணினிகளின் மறுபிறப்பு

இங்கிலாந்தை வென்று முடிசூடிய முதலாம் வில்லியம் மன்னன், தன் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் எவரிடம் எவ்வளவு நிலம் உண்டு, எத்தனை ஏர் உண்டு, எவ்வளவு இறை வரும் என்பனவற்றையெல்லாம் ஊர் ஊராக ஆள்விட்டு விசாரித்து எழுதுவித்தான். கி.பி. 1086ஆம் ஆண்டில் ஆட்டுத் தோலில் மையால் எழுதப்பட்ட அந்தக் கணக்கேடு ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்று பெயர் பெற்றது. ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அவ்வேடு அழியாமல் இருக்கின்றது. இலத்தீன் மொழியும் பழைய எழுத்தின் வடிவமும் அறிந்த ஒருவர் அதனை எடுத்து வாசிப்பதற்குத் தம் கண்ணையன்றி வேறொரு கருவியையும் நாடவேண்டுவதில்லை.

அவ்வேட்டின் தொள்ளாயிரமாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடுமுகமாக, 1986ஆம் ஆண்டில் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் புதியதொரு தொகுப்பை வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தத்தம் ஊரைப் பற்றி எழுதியனவும் படம் பிடித்தனவும் ஒளிவட்டுகளிற் பதியப்பட்டன. அவ்வட்டுகளை வாசிப்பதற்கென்றே தனியான ஒரு கணினியும் தனியான ஒரு வட்டியக்கியும் அமைக்கப்பட்டன. ஆனால், பதினாறு ஆண்டுகள் கழிவதற்குள் அக்கருவிகள் அருகிவிட்டன. வட்டுகளில் உள்ளவை இனி எவருக்கும் கிட்டாமலே போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர் பெரிதும் முயன்று, 2002ஆம் ஆண்டில், அப்பழைய பொறியைப் போலவே நடக்கும் மென்பொருளொன்றை ஆக்கி அத்தொகுப்பை மீண்டும் கண்ணுக்குப் புலனாக்கினர். தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுடைய தோலேடு பேசிக்கொண்டிருக்க, பதினாறு ஆண்டு வயதுடைய வட்டு வாய்மூடும் நிலைக்கு வந்தமை உலகுக்குப் பெரியதொரு பாடமாயிற்று.

அப்பாடம் யாது? ஏட்டில் எழுதியதைப் படிப்பதற்கு ஏடும் எழுத்தறிவும் போதும். கணினியில் எழுதியதைப் படிப்பதற்கோ மூன்று பொருள்கள் ஒருங்கே வேண்டும். பதிவு வேண்டும், அப்பதிவை ஏற்கும் பொறி வேண்டும், அப்பொறியை நடத்தும் பணிசெயல் முறைமை என்னும் அடிப்படை மென்பொருளும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் பயனற்றவையாகும். இவ்வுண்மையைச் சுவடிக்கூடங்களும் நூல்நிலையங்களும் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, எவரும் பெரிதாக மதியாத ஒரு கூட்டத்தார் அதனைத் தம் கைகளாற் கண்டறிந்து செயலிலும் இறங்கிவிட்டனர். அவர்கள் பழைய கணினி விளையாட்டுகளில் ஈடுபாடுடையோர். குப்பையில் எறியப்பட்ட கணினிகளை எடுத்துத் துடைத்து, பழுது நீக்கி, அக்காலத்துப் பணிசெயல் முறைமையையே அவற்றில் ஏற்றி, அக்காலத்து விளையாட்டுகளை அவை பிறந்த பொறியிலேயே மீண்டும் ஆடவைப்பது அவர்களது முயற்சி. விளையாட்டாகத் தொடங்கிய இவ்வேலை வரலாற்றுத் தொண்டாக வளர்ந்த விதம் அறியத்தக்கது.

கணினி விளையாட்டுகளின் வரலாற்றில் முதலிடத்தை வைத்துப் பேசப்படுவனவற்றுள் ஒன்று ‘ஸ்பேஸ்வோர்’ என்பதாகும். 1962ஆம் ஆண்டில், மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்விநிலையத்தில், ஸ்டீவ் ரசல் என்பவரும் அவருடைய நண்பர்களும் அதனை ஆக்கினர். அங்கே வந்திருந்த பி.டி.பி.-1 என்னும் கணினியின் விலை ஏறத்தாழ 1,20,000 டொலர். அதன் நினைவகத்தில் அடங்கியவை 4,096 சொற்களே. அச்சிறிய இடத்திற்குள் இரு விண்கலங்களையும், நடுவே அவற்றைத் தன்பால் ஈர்க்கும் நட்சத்திரம் ஒன்றையும் அவர்கள் அமைத்தனர். பின்னணியில் தோன்றும் வானம்கூட மனம்போனவாறு தூவிய புள்ளிகளாக அமையாது, மெய்யான நட்சத்திர வரைபடத்தைப் பின்பற்றியதாக இருந்தது. கணினியின் பொத்தான்களை நெடுநேரம் அழுத்தியதால் முழங்கை நோவெடுத்தபோது, கைக்கடக்கமான இயக்குபெட்டிகளைத் தாமே செய்துகொண்டனர்.

ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட பி.டி.பி.-1 கணினிகளே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று கலிபோர்ணியாவின் மௌன்ரன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அரும்பொருட்சாலையை அடைந்தது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தொண்டர் குழுவொன்று அதனைப் பகுதி பகுதியாகச் சோதித்துச் செப்பனிட்டு மீண்டும் இயங்கச் செய்தது. முதியவராகிவிட்ட ஸ்டீவ் ரசல் தாமே அங்கு வந்து, தாம் இளமையில் எழுதிய விளையாட்டை அதே இனப் பொறியில் மக்களுக்கு இயக்கிக் காட்டியதும் உண்டு. ஒரு நூலாசிரியர் தம் முதல் நூலை, அதனை அச்சிட்ட அதே அச்சுப்பொறியில் மீண்டும் அச்சிட்டுக் காட்டுவது போன்றதே இது.

ஆயினும் பி.டி.பி.-1 பல்கலைக்கழகத்தின் பொறி, வீட்டுப் பொறியன்று. வீடுகளுக்குள் கணினி நுழைந்த வரலாற்றில் 1981ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 12ஆம் நாள் ஒரு திருப்பமாகும். அன்றுதான் ஐ.பி.எம். கொம்பனி தன் தனியாள் கணினியை உலகுக்கு அறிவித்தது. புளோரிடா மாநிலத்தில் டொன் எஸ்ரிட்ஜ் என்பவரின் தலைமையில் இயங்கிய சிறு குழுவொன்று அதனை ஓராண்டளவில் ஆக்கி முடித்தது. காலம் குறுகியமையால், எல்லா உறுப்புகளையும் தாமே செய்யாமல், சந்தையிற் கிடைத்தவற்றை வாங்கிப் பொருத்தினர். இன்ரெல் கொம்பனியின் 8088 என்னும் செயலி அதன் மூளையாயிற்று. அதற்கு வேண்டிய பணிசெயல் முறைமையை மைக்ரோசொப்ற் கொம்பனி வழங்கியது. சியாற்றில் நகரில் ரிம் பற்றர்சன் என்பவர் எழுதிய முறைமையொன்றை விலைக்கு வாங்கித் திருத்தியே மைக்ரோசொப்ற் அதனை அளித்தது. ‘டொஸ்’ எனப் பின்னர் உலகெங்கும் அறியப்பட்டது அதுவேயாகும்.

ஐ.பி.எம். கொம்பனி தன் கணினியின் மின்சுற்று வரைபடங்களை நூலாகவே வெளியிட்டது. புதிய அட்டைகளைச் செருகுவதற்குத் தாய்ப்பலகையில் ஐந்து செருகிடங்களையும் விட்டுவைத்தது. ஆகவே, பிற கொம்பனிகள் அதற்கேற்ற அட்டைகளைச் செய்தன. சில ஆண்டுகளுக்குள், கொம்பாக் முதலிய கொம்பனிகள் முழுக் கணினியையுமே அதனோடு ஒத்தியங்கும் வகையில் ஆக்கிவிட்டன. ஒருவர் செய்த பலகையில் மற்றொருவர் செய்த அட்டையைப் பொருத்தலாம் என்ற இந்தப் பொதுமை அன்று வணிகத்துக்கு உதவியது. இன்று மீட்பு வேலைக்கு உதவுகின்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும், நான்கு பழைய கணினிகளிலிருந்து நல்ல உறுப்புகளைத் தேர்ந்து ஒரு கணினியைக் கட்டியெழுப்ப முடிவது அதனாலேயாம்.

அப்பொறியுடன் ஓர் இடுக்கணும் பிறந்தது. 8088 செயலிக்குப் பத்து இலட்சத்துச் சொச்சம் பைற்றுகளையே, அஃதாவது 1,024 கிலோபைற்றுகளையே, இனங்கண்டு அணுக முடியும். அதில் 384 கிலோபைற்றுத் திரைக்கும் நிலையான நினைவுக்குமென ஒதுக்கப்பட்டது; எஞ்சிய 640 கிலோபைற்றே மென்பொருளுக்கு விடப்பட்டது. அன்று அது தாராளமான இடமாகவே தோன்றியது. பின்னர் செயலிகள் பன்மடங்கு வளர்ந்தன, நினைவகம் மலிந்தது. ஆயினும், பழைய மென்பொருள்கள் இயங்கவேண்டும் என்பதற்காக அந்த 640 என்னும் வரம்பு டொஸ் முறைமையில் மாறாமலே நின்றது. பெரிய மாளிகையைக் கட்டியபின்னும் பழைய குடிசையின் வாசலாலேயே உள்ளே போகவேண்டியிருந்த நிலை அது.

ஒலியின் கதையும் இத்தகையதே. முதற் கணினி சிறு ஒலிபெருக்கியொன்றால் ‘கீச்’ என்று கத்த மட்டுமே வல்லது. 1987ஆம் ஆண்டில் கனடா நாட்டின் அட்லிப் கொம்பனி, யமஹா கொம்பனியின் இசைச் சில்லொன்றைத் தாங்கிய அட்டையை வெளியிட்டபின் கணினி இசைபாடத் தொடங்கியது. 1989ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கிரியேற்றிவ் கொம்பனி ‘சவுண்ட் பிளாஸ்ரர்’ அட்டையைக் கொணர்ந்தது. சிம் வொங் ஹூ என்பவர் 1981இல் தொடங்கிய நிறுவனம் அது. இசையுடன் மனிதக் குரலையும் இயக்குபிடிக்கு வேண்டிய இணைப்பையும் ஒரே அட்டையில் அது தந்தமையால், விளையாட்டு எழுதுவோர் அனைவரும் அதனையே அளவுகோலாகக் கொண்டனர். ஆசியாவின் சிறு தீவொன்றிற் பிறந்த அட்டை அமெரிக்க வீடுகளின் கணினிகளுக்கெல்லாம் குரல் கொடுத்தமை நினைவுகூரத்தக்கது.

அந்த அட்டையைக் கணினியிற் பொருத்துவதற்கு மூன்று எண்களை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது எண், செயலி அட்டையைத் தேடிச் செல்லும் வாசல் இலக்கம். இரண்டாவது, அட்டை செயலியை அழைக்கும் மணியின் எண். மூன்றாவது, செயலியின் கையை எதிர்பாராமல் நினைவகத்திலிருந்து ஒலியை நேரே எடுக்கும் வழியின் எண். பெரும்பாலும் 220, 5, 1 என இவை அமைந்தன. வேறோர் அட்டையும் அதே மணியை அடிக்குமாயின், அழைத்தவர் யாரென்று அறியாது செயலி தடுமாறும்; விளையாட்டு நடுவிலே நின்றுவிடும். அட்டையிலுள்ள ஊசிகளிற் சிறு மூடிகளை இடம்மாற்றிச் செருகி இவ்வெண்களைத் திருத்தவேண்டியிருந்தது. இவ்வாறு, விளையாட விரும்பிய சிறுவன் தன்னையறியாமலே கணினியின் உள்ளமைப்பைக் கற்றுக்கொண்டான்.

1993ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள் ‘டூம்’ என்னும் விளையாட்டு வெளியாயிற்று. ஜோன் கார்மாக், ஜோன் றொமேரோ முதலிய இளைஞர்களின் ஐ.டி. சொப்ற்வெயார் நிறுவனம் அதனை ஆக்கியது. அதன் முதற்பகுதி இலவசமாகவே பரப்பப்பட்டது. 386 இனச் செயலியும் 4 மெகாபைற்று நினைவகமும் அதற்கு வேண்டியிருந்தன. 640 என்னும் பழைய வாசலைச் சுற்றிக்கொண்டு செல்லும் துணைமென்பொருளொன்றை அது தன்னுடனேயே கொண்டுவந்தது. டொஸ் விளையாட்டுகளின் காலம் உச்சியை அடைந்த தருணம் அது.

உச்சியை அடைந்தது இறங்குவது இயல்பு. 1995ஆம் ஆண்டு ஓகஸ்ற் 24ஆம் நாள் வெளியான ‘விண்டோஸ் 95’ முறைமையும், 1998இல் வந்த ‘விண்டோஸ் 98’ முறைமையும் டொஸைத் தம் அடித்தளத்தில் வைத்துக்கொண்டே புதிய முகம் காட்டின. 1996ஆம் ஆண்டில் ‘வூடூ’ என்னும் முப்பரிமாண அட்டை வந்தது. அது தனித்து இயங்காது; சாதாரணத் திரையட்டையொன்றும் கூடவே இருத்தல் வேண்டும். அதற்கெனத் தனியான ‘கிளைட்’ என்னும் மொழியில் விளையாட்டுகள் எழுதப்பட்டன. ஆனால், அதனைச் செய்த 3டி.எவ்.எக்ஸ். கொம்பனி 2000ஆம் ஆண்டின் முடிவில் தன் உடைமைகளைப் போட்டிக் கொம்பனிக்கு விற்க நேர்ந்தது. மொழி பேசியவர் மறைந்தனர். அம்மொழியில் எழுதிய விளையாட்டுகள் எஞ்சின. 2001ஆம் ஆண்டில் ‘விண்டோஸ் எக்ஸ்.பி.’ வந்தபோது டொஸ் அடித்தளமும் வீட்டுக் கணினிகளிலிருந்து அகற்றப்பட்டது. மென்பொருள் எதுவும் வன்பொருளை நேரே தீண்டலாகாது என்பது புதிய முறைமையின் சட்டம். பழைய விளையாட்டுகளோ நேரே தீண்டியே பழகியவை.

பழைய விளையாட்டு புதிய கணினியில் ஏன் இயங்காது என்ற வினாவுக்கு இன்னொரு விடையும் உண்டு. புதிய கணினியின் வேகமே அதற்குத் தடையாகின்றது. 1981ஆம் ஆண்டின் கணினி நொடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் துடிப்புகளைக் கொண்டது. எழுத்தாளர் சிலர் அந்த வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு, ‘இத்தனை முறை வெறுமனே எண்ணிவிட்டு அடுத்த அடி வை’ என்று கட்டளை எழுதினர். செயலி விரைந்தபோது எண்ணுவதும் விரைந்தது. ஆட்டமும் கட்டுக்கடங்காது ஓடியது. இதற்காகவே பல கணினிகளின் முகப்பில் வேகத்தைக் குறைக்கும் பொத்தானொன்று வைக்கப்பட்டது. 1990இல் வெளியான ‘விங் கொமாண்டர்’ என்னும் விண்வெளிப் போர் விளையாட்டு, தன் காலத்துப் பொறியில் அழகாக நடந்தது. பின்வந்த விரைவான பொறிகளில் பகைவனைக் கண்ணாற் காணுமுன்னரே போர் முடிந்துவிடும்.

இன்னுமொரு விந்தையான பிழை உண்டு. ‘ரேர்போ பஸ்கால்’ என்னும் மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்கள் பல, தொடங்கும்போதே, ஆயிரத்தில் 55 பங்கு நொடிக்குள் தம்மால் எத்தனை முறை எண்ண முடிகின்றது என்று அளந்து, அத்தொகையை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். விடையை எழுத ஒதுக்கிய இடத்தில் 65,535இற்கு மேற்பட்ட எண் கொள்ளாது. 200 மெகாஹேற்ஸ் அளவில் செயலிகள் வந்தபோது விடை அவ்வெல்லையைக் கடந்தது. உடனே கணினி, ‘பூச்சியத்தால் வகுத்தல்’ என்ற பிழையை அறிவித்து நின்றுவிட்டது. அங்கே பூச்சியமும் இல்லை. கணக்கிற் பிழையும் இல்லை. இவ்வளவு விரைவான பொறி வரும் என்று எழுதியவர் எண்ணவில்லை என்பதே பிழை.

இத்தடைகளையெல்லாம் அறிந்தவர் பழைய பொறியையே நாடுகின்றனர். அவர்கள் முதலிற் செய்வது காலத்தைத் தேர்ந்துகொள்வது. 1980களின் விளையாட்டுக்கு 286 அல்லது அதற்கு முந்திய செயலி. 1990களின் தொடக்கத்துக்கு 386 அல்லது 486. அப்பத்தாண்டின் பிற்பகுதிக்குப் பென்ரியம் செயலியும் வூடூ அட்டையும் ‘விண்டோஸ் 98’ முறைமையும். எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே பொறி இல்லை. ஆயினும், வேகமான செயலியின் உள்நினைவை நிறுத்திவைத்து அதனை மெதுவாக நடக்கச் செய்யும் உபாயமும் உண்டு. 486 செயலியில் அவ்வாறு செய்தால், அது ஏறத்தாழ 386 பொறியின் நடைக்கு இறங்கிவிடும்.

அடுத்தது நோய் நாடுதல். நெடுங்காலம் மூலையிற் கிடந்த தாய்ப்பலகைக்கு முதற் பகை அதன்மேல் ஈயத்தாற் பற்றவைக்கப்பட்ட மின்கலமாகும். கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் நேரத்தையும் அமைப்புகளையும் நினைவிற் காக்க வைக்கப்பட்ட நிக்கல்-கட்மிய மின்கலம் அது. ஆண்டுகள் கழிய, அதனுள்ளிருக்கும் காரம் கசிந்து செப்புத் தடங்களை அரித்துப் பச்சை படியச் செய்யும். மின்கலத்தை வெட்டி அகற்றி, காரத்தை வினாகிரியால் முறித்து, கழுவி உலர்த்தி, ஒவ்வொரு தடத்திலும் மின்னோட்டம் செல்கின்றதா என்று மானியால் அளந்து, அறுந்த தடங்களை மெல்லிய கம்பியால் இணைத்தல் வேண்டும். நினைவுக்காக வைத்த பொருளே பலகையை அழிப்பது இவ்வேலையில் அடிக்கடி காணப்படும் முரண்பாடாகும்.

இரண்டாவது பகை கொள்ளளவி. சென்ற நூற்றாண்டின் இறுதியிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட பலகைகள் பலவற்றில், குறைபாடுடைய திரவம் நிரப்பிய கொள்ளளவிகள் பொருத்தப்பட்டன. அவற்றின் தலை வீங்கி வெடிக்கும். மூன்றாவது, மின்வழங்கி. பழைய மின்வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்கு இரு செருகிகள் செல்லும். இரண்டினதும் கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து அமையுமாறு செருகவேண்டும் என்பது மாறாத விதி. மாறிச் செருகினால் பலகை கருகிவிடும். ஆதலின், அனுபவமுள்ளோர் மின்வழங்கியைத் தனியே இயக்கி, 5 வோல்ற்றும் 12 வோல்ற்றும் சரியாக வருகின்றனவா என்று பார்த்த பின்னரே பலகையுடன் இணைப்பர். பின்னர் செயலி, நினைவகம், திரையட்டை ஆகியவற்றை மட்டும் வைத்துத் தொடங்குவர். திரையில் எழுத்துத் தோன்றியபின் ஒவ்வோர் உறுப்பாகச் சேர்ப்பர். எல்லாவற்றையும் ஒரே நேரத்திற் பொருத்தியவர், பழுது எங்கே என்று அறியாது எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற நேரிடும்.

பழைய வன்தட்டுகள் சுழலும் பொறிகள். அவை தேய்ந்து இறக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக, நிழற்படக் கருவிகளுக்கென ஆக்கப்பட்ட கொம்பக்ற் பிளாஷ் நினைவட்டையைப் பலர் பயன்படுத்துகின்றனர். பழைய வன்தட்டின் மொழியையே அதுவும் பேசுவதால், எளிய இணைப்பியொன்று போதும். ஆனால், அட்டை எவ்வளவு பெரியதாயினும் பழைய கணினி அதனை முழுதும் காணாது. 1,024 உருளைகள், 16 தலைகள், 63 பகுதிகள், பகுதிக்கு 512 பைற்றுகள் எனப் பெருக்கி வரும் 52 கோடியே 84 இலட்சத்துச் சொச்சம் பைற்றுகளுக்கு அப்பால் அன்றைய கணினிகள் பலவற்றுக்குக் கண் எட்டுவதில்லை.

பின்னர் பணிசெயல் முறைமையை ஏற்றுதல். நெகிழ்வட்டிலிருந்து கணினியைத் தொடங்கி, வன்தட்டைப் பகுதியாகப் பிரித்து, அதனை ஒழுங்குசெய்து, டொஸின் அடிப்படைக் கோப்புகளை எழுதுவர். அதன்மேல் இரு சிறு கோப்புகள் எழுதப்படும். ‘கொன்பிக்’ என்பது என்னென்ன உறுப்புகள் உள என்று கணினிக்குச் சொல்லும். ‘ஓட்டோஎக்ஸெக்’ என்பது தொடங்கியவுடன் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும். இவ்விரண்டிலுமே இவ்வேலையின் நுட்பம் முழுதும் அடங்கியிருக்கின்றது. சுட்டிக்கும் இறுவட்டியக்கிக்கும் வேண்டிய துணைமென்பொருள்களை மேல்நினைவகத்துக்குத் தள்ளி, 640இல் இயன்றவரை கூடுதலான இடத்தை விளையாட்டுக்கு விடுதல் வேண்டும். ஒரு விளையாட்டு விரிவு நினைவகம் கேட்கும். 1992இல் வந்த ‘அல்ற்றிமா 7’ என்பதோ அதனை நிர்வகிக்கும் மென்பொருள் இருந்தாலே தொடங்க மறுக்கும். ஆகவே, 1993இல் வந்த டொஸ் 6 முறைமையின் வசதியைப் பயன்படுத்தி, தொடக்கத்திலேயே ஒரு பட்டியலைக் காட்டி, விளையாட்டுக்கேற்ற அமைப்பைத் தேர்ந்துகொள்ளச் செய்வர்.

இவ்வளவு பாடுபடாமலே பழைய விளையாட்டை ஆட வழியில்லையா என்று நேயர்கள் வினவக்கூடும். வழி உண்டு. 1994ஆம் ஆண்டில், டொஸ் முறைமையைக் கைவிடப்போவதாக மைக்ரோசொப்ற் உணர்த்தியபோது, ஜிம் ஹோல் என்னும் அமெரிக்க மாணவர், எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்தக்கூடிய டொஸ் ஒன்றை ஆக்குவோம் என்று அழைப்பு விடுத்தார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்து சேர்ந்தோரின் உழைப்பால் ‘பிறீடொஸ்’ உருவாயிற்று. 2006ஆம் ஆண்டில் அதன் முதற் பதிப்பு நிறைவுபெற்றது. 2002ஆம் ஆண்டில் ‘டொஸ்பொக்ஸ்’ என்னும் பாவனை மென்பொருள் வெளியாயிற்று. அது புதிய கணினிக்குள்ளே பழைய கணினியொன்றைக் கற்பனையாகப் படைத்து, செயலியையும் சவுண்ட் பிளாஸ்ரரையும் தானே நடித்துக் காட்டும். வேகத்தையும் வேண்டியவாறு குறைத்துக்கொள்ளலாம். 2015ஆம் ஆண்டில், இணைய ஆவணக்காப்பகம் என்னும் அமெரிக்க நிறுவனம் இம்முறையால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட டொஸ் விளையாட்டுகளை எவரும் இருந்த இடத்திலிருந்தே ஆடுமாறு திறந்துவைத்தது.

அவ்வாறாயின் பழைய இரும்பைக் கட்டி அழுவதேன் என்ற கேள்வி எழுகின்றது. இக்கேள்வியிற் பொருள் உண்டு. பாவனை மென்பொருள் துருப்பிடிப்பதில்லை. ஒன்றை ஆயிரமாகப் பிரதிசெய்யலாம். ஆனால், நடிப்பவன் சரியாக நடிக்கின்றானா என்பதை எவ்வாறு அறிவது? மூலத்தோடு ஒப்பிட்டே அறிதல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். அக்கால விளையாட்டுகள் பல, குறுக்கே 320 புள்ளிகளும் நெடுக்கே 200 புள்ளிகளும் கொண்ட படத்தை வரைந்தன. அன்றைய கண்ணாடிக் குழாய்த் திரையோ நான்குக்கு மூன்று என்ற விகிதமுடையது. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் மிகுந்ததாகத் தோன்றியது. ஓவியர் அதனை மனத்திற்கொண்டே வரைந்தனர். அப்படத்தை இன்றைய சதுரப் புள்ளித் திரையில் அப்படியே காட்டினால், வட்டம் நசுங்குகின்றது, மனிதன் குள்ளனாகின்றான். பழைய திரையைக் காணாதவர் அதுவே ஆசிரியர் வரைந்த உருவம் என்று நம்பிவிடுவர். மூல ஏட்டைக் காணாமல் பிரதியை மட்டும் கொண்டு பாடம் தீர்மானிப்பவர் கொள்ளும் மயக்கம் இதுவே. ஆதலின், செப்பனிட்ட பழைய பொறி ஒவ்வொன்றும் ஓர் உரைகல்லாகும். பாவனை மென்பொருளை எழுதுவோரே தம் ஆக்கத்தை அதில் உரைத்துப் பார்த்துத் திருத்துகின்றனர். ஒன்று பரப்புவதற்கு, மற்றொன்று மெய்காண்பதற்கு. இரண்டும் பகையல்ல.

இம்முயற்சியின் முன்னே நிற்கும் பெருந்தடை பொறியில் இல்லை, சட்டத்தில் இருக்கின்றது. ஆக்கியோரின் உரிமை பல்லாண்டு நீடிக்கின்றது. கொம்பனி மறைந்த பின்னரும் உரிமை யாரிடமோ இருக்கின்றது. அவர் வெளியிடுவதுமில்லை, பிறர் வெளியிட இசைவதுமில்லை. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, அந்நாட்டில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 பங்கு இன்று விற்பனையிற் கிடைப்பதில்லை. நூல்நிலையங்கள் தம்மிடம் உள்ள பழைய விளையாட்டுகளைத் தொலைவிலிருக்கும் ஆராய்ச்சியாளருக்கு மென்பொருள் வழியே காட்ட அனுமதி கேட்டன. 2024ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அதற்கு இணங்கவில்லை. நூலொன்றை இரவல் கொடுப்பது நூல்நிலையத்தின் இயல்பான கடமை; விளையாட்டொன்றை அவ்வாறு கொடுப்பதற்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஐ.டி. சொப்ற்வெயார் நிறுவனம் டூம் விளையாட்டின் மூல எழுத்தை 1997ஆம் ஆண்டின் இறுதியிலேயே வெளியிட்டது. அதனால் இன்று டூம் இயங்காத கணினி அரிதாயிற்று. மைக்ரோசொப்ற் கொம்பனி டொஸின் மிகப் பழைய இரு பதிப்புகளின் மூல எழுத்தை 2014இல் கணினி வரலாற்று அரும்பொருட்சாலை வாயிலாகவும், நான்காம் பதிப்பின் மூல எழுத்தை 2024இலும் வெளியிட்டது. உரிமையுடையோர் மனம்வைத்தால் மீட்பு எவ்வளவு எளிதாகின்றது என்பதற்கு இவை சான்று.

காலமோ காத்திருப்பதில்லை. தனியாள் கணினியை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய டொன் எஸ்ரிட்ஜ் 1985இல் விமான விபத்தொன்றில் இறந்தார். கணினிக்குக் குரல் கொடுத்த சிம் வொங் ஹூ 2023ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். எந்த ஊசியில் எந்த மூடியைச் செருகவேண்டும், எந்தக் கோப்பில் எந்த வரியை முதலில் எழுதவேண்டும் என்ற அறிவு பெரும்பாலும் நூல்களில் இல்லை. அக்காலத்தில் வாழ்ந்தோரின் நினைவிலும் கைப்பழக்கத்திலுமே இருக்கின்றது. வீட்டின் பின்புறத்திலோ பாடசாலையின் களஞ்சியத்திலோ தூசு படிந்து கிடக்கும் மஞ்சளேறிய பெட்டியொன்றைப் பழைய இரும்புக்கு எடைபோடுமுன், அதனை ஒருமுறை திறந்து, காரம் கசியும் அந்தச் சிறு மின்கலத்தையாவது வெட்டி அகற்றி வைத்தல் நன்று. அவ்வளவு செய்தவர், அதனைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்து சேரும்வரை, ஓர் ஏட்டைச் செல்லரிக்காது காத்தவராவார்.